1888 லண்டன் தீப்பெட்டித் தொழிலாளர்கள்: வென்றது கட்டுரையா, கையெழுத்திட மறுத்த பெண்களா?

பழந்தாள் எழுதியது:

அன்னி பெசண்ட் என்றால் நமக்கு அடையாறும் பிரம்மஞான சபையும் சுயாட்சி இயக்கமும்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவர் 1893இல் இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்புகிறேன். கிழக்கு லண்டனின் ‘போ’ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையைப் பற்றி, ‘தி லிங்க்’ என்ற அரைப் பென்னி வார இதழில் 1888 ஜூன் 23ஆம் நாள் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு, ‘லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’ என்று தலைப்பிட்டிருந்தார்.

அதற்கு எட்டு நாள் முன்னதாக, சமதர்மவாதிகளின் அமைப்பான ஃபேபியன் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் கிளெமென்டினா பிளாக் பெண் தொழிலாளர் நிலை குறித்து உரையாற்றினார். அப்போது ஹென்றி சாம்பியன் எழுந்து, இந்த நிறுவனம் பங்குதாரர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் ஈவுத்தொகையையும் வேலை செய்யும் பெண்களுக்குக் கிள்ளிக் கொடுக்கும் கூலியையும் சுட்டிக்காட்டினார். பெசண்டும் அவருடைய தோழர் ஹெர்பர்ட் பரோசும் தொழிலாளப் பெண்களை நேரில் கண்டு பேசி, கூலிக்கு ஒரு பட்டியலும் தண்டத்துக்கு ஒரு பட்டியலும் திரட்டினார்கள். கட்டுரையின் வலிமை அந்தப் பட்டியல்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கோடையில் காலை ஆறரை மணிக்கு வேலை தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடியும். இடையில் காலை உணவுக்கு அரை மணி நேரமும் பகல் உணவுக்கு ஒரு மணி நேரமும் போக, நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை அது. பெசண்ட் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பதினாறு வயதுப் பெண், எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவள். வாரத்துக்கு 4 ஷில்லிங் ஈட்டுகிறாள். அவளும் அவள் அக்காளும் சேர்ந்து குடியிருக்கும் ஒற்றை அறைக்கு வாடகையே 2 ஷில்லிங். அந்தக் கூலியிலிருந்துதான் தண்டம் பிடிக்கிறார்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்னி (12 பென்னி ஒரு ஷில்லிங்); பலகையின் கீழே தரை ஒழுங்காக இல்லையென்றால் 3 பென்னி; எரிந்த தீக்குச்சியைப் பலகைமேல் வைத்தால் 1 ஷில்லிங், அதாவது அந்தப் பெண்ணின் வாரக் கூலியில் நான்கில் ஒரு பங்கு. விரல் அறுபடாமல் காத்துக்கொள்ள முயன்றதால் இயந்திரத்தில் சுருளைச் சிக்கவிட்ட ஒருத்திக்கும் 1 ஷில்லிங் தண்டம் விதித்து, விரலைப் பற்றிக் கவலைப்படாதே என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் அச்சேறிய நான்கு வாரத்துக்குள் தண்டம் ஒழிந்தது; அடுத்த சில நாளில் சங்கம் பிறந்தது. பாடநூல்கள் இதை ‘ஒரு பத்திரிகையாளரின் வெற்றி’ என்று முடித்துவிடுகின்றன. அப்படி முடிப்பது சரிதானா என்பதே என் கேள்வி.

நெடுவழி எழுதியது:

பெருமளவு சரி என்றே நான் கருதுகிறேன். அதற்குக் காரணம் சொல்கிறேன். அதே தொழிற்சாலையில் 1880களில் முன்பும் சிறு வேலைநிறுத்தங்கள் நடந்து தோற்றிருக்கின்றன. பெண்கள் அதே பெண்கள்தாம், கூலியும் அதே கூலிதான்; 1888இல் புதிதாகச் சேர்ந்தது பத்திரிகையின் வெளிச்சம் ஒன்றே.

அந்த வெளிச்சத்தை அவர் எங்கே பாய்ச்சினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வறுமையை விவரித்து இரக்கம் தேடும் எழுத்து அன்றைய லண்டனுக்குப் புதிதன்று. 1849இலேயே ஹென்றி மேஹியூ நாளிதழில் அத்தகைய வரிசையை எழுதத் தொடங்கிவிட்டார். பெசண்டின் கட்டுரையோ வறுமையிலிருந்து தொடங்கவில்லை. முந்தைய ஆண்டு நிறுவனம் வழங்கிய 23 விழுக்காடு ஈவுத்தொகையிலிருந்தும், 5 பவுண்டுப் பங்கு 18 பவுண்டுக்கு மேல் விலைபோவதிலிருந்தும் தொடங்குகிறது. அந்த விழுக்காட்டை முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டு 4 ஷில்லிங்கைப் படிக்கும் வாசகர், இந்தப் பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று தாமாகவே கணக்குப் போட்டுவிடுகிறார்.

கிளாட்ஸ்டன் சிலைச் செய்தியும் அத்தகையதே. நிறுவனத்தின் தியோடர் பிரையன்ட், தாம் போற்றிய பிரதமருக்குச் சிலை வைக்க விரும்பி, தொழிலாளர் ஒவ்வொருவர் கூலியிலிருந்தும் 1 ஷில்லிங் பிடித்தார். திறப்பு விழாவுக்காகத் தொழிற்சாலையை அரை நாள் மூடியபோது, அந்த அரை நாள் கூலியும் போயிற்று. அந்த விழாவில் பெண்கள் சிலர் தங்கள் கையைக் கீறிக்கொண்டு, சிலையின் பீடத்தில் இரத்தத்தைச் சிந்தியதாக ஒரு கதை வழங்குவதாகப் பெசண்ட் எழுதுகிறார். போ சாலையில் இன்றும் நிற்கும் அந்தச் சிலையின் கைகளுக்கு யாரேனும் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போவது வழக்கமாகவே ஆகிவிட்டது. பத்திரிகை எழுத்து ஒன்று ஊர் நினைவாகவே மாறியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரம்பூர்வாசி எழுதியது:

நண்பர் நெடுவழி சிலைச் செய்தியைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. ஆனால் அது அவருடைய வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. அந்தச் சிலை திறக்கப்பட்டது 1882இல். கட்டுரை வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெண்கள் தங்கள் எதிர்ப்பை ஊரறியக் காட்டியிருக்கிறார்கள். இன்னும் முன்னே போனால், 1871இல் தீப்பெட்டிக்கு வரி போட நிதியமைச்சர் ராபர்ட் லோ முயன்றபோது, தீப்பெட்டித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். வரி திரும்பப் பெறப்பட்டது. அந்த முறை முதலாளிக்கும் அது ஆதாயமாக இருந்தது.

கட்டுரை வந்த பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். நிறுவனம் முதலில் அவதூறு வழக்குப் போடப்போவதாக மிரட்டியது. அந்த வழக்கு வரவே இல்லை. அடுத்ததாக, கட்டுரையில் உள்ளதெல்லாம் பொய், நாங்கள் நிறைவாகவே இருக்கிறோம் என்று ஒரு தாளை எழுதி, அதில் கையெழுத்திடுமாறு மேஸ்திரிகள் மூலம் பெண்களை நெருக்கியது. அவர்கள் மறுத்தார்கள். அதன்பின் ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். ஜூலை மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,400 பேர் வெளியேறினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெசண்ட் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டதெல்லாம், வாங்குவோர் அந்த நிறுவனத்தின் தீப்பெட்டியைப் புறக்கணிக்க வேண்டும் என்பதே. வெளியேறிய பெண்களில் ஏறத்தாழ இருநூறு பேர் ஃபிளீட் தெருப் பக்கம் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு நடந்தே வந்து நின்ற பிறகுதான் அவர் போராட்டத்துக்குள் வருகிறார். நீங்கள் எங்களுக்காகப் பேசினீர்கள், உங்களை நாங்கள் கைவிடமாட்டோம் என்று அவர்களுள் ஒருத்தி சொன்னதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். யார் யாரைக் காத்தார்கள் என்பதை அந்தப் பேச்சிலேயே காணலாம். அவர்கள் அந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தால், கட்டுரை பொய்யென்று ஊர் நம்பியிருக்கும். பெசண்ட் நீதிமன்றப் படியில் நின்றிருப்பார்.

கட்டுரையின் இறுதிப் பகுதியில் பெசண்ட் அவர்களை எப்படி வருணிக்கிறார் என்பதையும் பாருங்கள். சேரியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வேலைக்குத் துரத்தப்பட்டு, திக்கற்றவர்களாக இருப்பதால் நசுக்கப்படுகிறவர்கள் என்கிறார். அவர் திக்கற்றவர்கள் என்று எழுதி இரண்டு வாரம் ஆவதற்குள், அந்தத் திக்கற்றவர்கள் இங்கிலாந்தின் மிகப்பெரிய தீப்பெட்டி நிறுவனத்தை நிறுத்தி வைத்தார்கள். லூயிஸ் ரா என்ற வரலாற்றாய்வாளர் இந்தப் போராட்டத்தின் தலைமை பெண்களிடமே இருந்தது என்று விரிவாக நிறுவியிருக்கிறார். அவர் பக்கமே நான் நிற்கிறேன்.

நெடுவழி எழுதியது:

பெரம்பூர்வாசி சொன்னவற்றில் கையெழுத்து மறுத்த நிகழ்ச்சிக்கு நான் போதிய இடம் கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் நிலைக்கு நிறுவனத்தைத் தள்ளியது கட்டுரைதானே? வேலைநிறுத்தம் தொடங்கிய பின்னும் பத்திரிகையின் பணி ஓயவில்லை. ‘தி டைம்ஸ்’ நாளிதழ், இந்தப் பெண்களைத் தூண்டிவிட்டவர்கள் பொறுப்பற்றவர்கள், தொழில் உலகின் தொல்லைகள் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ‘தி லிங்க்’ போராட்ட நிதிக்கு நன்கொடை திரட்டியது. பங்குதாரர்களுக்குப் பெசண்ட் ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். அந்தப் பங்குதாரர்களில் பாதிரியார்களும் இருந்தார்கள். பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள் பெட்டிகளைத் தலையில் சுமந்து சுமந்து முடி உதிர்ந்து வழுக்கையாகி நிற்கிறார்கள். ஊர்ப்புறத்துப் பாதிரியாரே, அதே வயதுள்ள உம் மகளை மடியில் இருத்தி, அவளுடைய பட்டுப் போன்ற கூந்தலைத் தடவிப் பாரும் என்று கேட்கிறார். இவ்வளவு நேராக ஒரு முதலீட்டாளரின் வீட்டுக்குள் நுழைந்த எழுத்து அந்தக் காலத்தில் அதிகமில்லை.

பழந்தாள் எழுதியது:

உடன்பாட்டின் விவரத்தையும் பதிந்துவிடுகிறேன். பெண்களின் பிரதிநிதிகள் நாடாளுமன்றம் சென்று உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். லண்டன் தொழிற்சங்கப் பேரவை நடுவே நின்று பேசியது. ஜூலை 17ஆம் நாள் நிறுவனம் இறங்கி வந்தது. எல்லாத் தண்டங்களும் ஒழியும். வண்ணம், தூரிகை முதலியவற்றுக்காகக் கூலியில் பிடிப்பது நிற்கும். குறைகளை மேஸ்திரி வழியாக அல்லாமல் நேரே நிர்வாகத்திடம் சொல்லலாம். உணவு உண்ணத் தனி அறை தரப்படும். எல்லோரும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அந்த மாத இறுதியிலேயே சங்கம் தொடங்கப்பட்டு, பெசண்ட் அதன் செயலாளரானார்.

வினைபொருள் எழுதியது:

வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த உணவு அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். பட்டியலில் சின்னதாகத் தெரியும் அந்தக் கோரிக்கைதான் இவற்றுள் உயிர் காக்கும் கோரிக்கை.

எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியின் முனையில் அன்று வெண் பாஸ்பரஸ் இருந்தது. குச்சியை மருந்தில் முக்கும் இடத்திலும் உலர்த்தும் இடத்திலும் அதன் ஆவி பரவும். வேலை செய்யும் பலகையிலேயே ரொட்டியை வைத்துத் தின்றால் கையிலிருப்பது வாய்க்குப் போகும். முதலில் பல்வலியாகத்தான் தொடங்கும். பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாது; தாடை வீங்கி, சீழ் வைத்து, எலும்பே செத்து அழுகத் தொடங்கும். நாற்றம் தாங்காமல் வீட்டார்கூட அருகில் இருக்க முடியாது. தாடை எலும்பை அறுத்து எடுப்பது ஒன்றே அன்றைய மருத்துவர்களுக்குத் தெரிந்த வழி. 1840களிலிருந்தே ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றி எழுதிவந்தார்கள்.

எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. மாற்று வழி இல்லாமல் இது நடக்கவில்லை. சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் தடவி, அதில் மட்டும் உரசினால் பற்றும் பாதுகாப்பான தீக்குச்சி 1850களிலேயே சுவீடனிலிருந்து வந்துவிட்டது. அதை இங்கிலாந்தில் செய்வதற்கான காப்புரிமையை வாங்கி வைத்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லை, பிரையன்ட் அண்ட் மேதான். எங்கும் உரசக்கூடிய குச்சி மலிவு, விற்பனையும் அதிகம் என்பதால் அதையும் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஃபின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெண் பாஸ்பரஸைத் தடை செய்துவிட்டன. பிரிட்டனின் தடைச் சட்டமோ 1908இல் இயற்றப்பட்டு 1910இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆக, 1888இன் உடன்பாடு தண்டத்தை ஒழித்தது, பாஸ்பரஸை ஒழிக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1898இல், தாடை அழுகல் நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்த குற்றத்துக்காக அதே நிறுவனம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது. விதிக்கப்பட்ட தண்டம் 25 பவுண்டுக்குச் சற்று மேல். தரையில் குப்பை கிடந்ததற்காக ஒரு சிறுமியிடம் பிடித்த தண்டத்தோடு, அவள் கூலியையும் நிறுவனத்தின் வருவாயையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரம்பூர்வாசி எழுதியது:

ஐயா, இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் பத்திரிகைகள் இந்த நோயைத் தொடவே இல்லையா?

வினைபொருள் எழுதியது:

தொட்டன. ‘தி ஸ்டார்’ நாளிதழ் 1890களில் பாஸ்பரஸ் நோயாளிகளைப் பற்றி எழுதியது. இரட்சணிய சேனை என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு 1891இல் சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும் பயன்படுத்தும் தொழிற்சாலை ஒன்றைத் தானே தொடங்கி, கூடுதல் கூலியும் கொடுத்து, செய்தியாளர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அழைத்துக் காட்டியது. பிரையன்ட் அண்ட் மே வெண் பாஸ்பரஸைக் கைவிட்டது 1901இல். ஆனால் நிறுவனம் கைவிடுவதும் நாடு தடை செய்வதும் வேறு வேறு. பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1898இல் நச்சில்லாத பாஸ்பரஸ் சல்ஃபைடைக் கொண்டு எங்கும் உரசும் குச்சியைச் செய்து காட்டிய பிறகு, ‘வணிகம் கெடும்’ என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லாமல் போயிற்று. அதன்பின் 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. இந்தியாவிலும் 1913இல் தடைச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றிய கட்டுரைக்கு நான்கு வாரத்தில் பலன் கிடைத்தது. நஞ்சைப் பற்றிய எழுத்து, மலிவான மாற்றுப் பொருள் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு ஆசிரியனாக இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

கரிசல்மண் எழுதியது:

இவ்வளவு நேரம் தொழிற்சாலைக்குள் நின்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பெட்டி யார் ஒட்டினார்கள்?

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. என் சிறுவயதில் எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர்களைவிட, வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர்களே அதிகம். என் அம்மாவும் ஒட்டினார்கள். பசை காய்ச்சுவது எங்கள் செலவு, விறகும் எங்கள் செலவு. குரோசுக் கணக்கில் எண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தால், நசுங்கியது, கோணலானது என்று கழித்துவிட்டு மீதிக்குத்தான் கூலி. எங்கள் பகுதியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில் என்பதால், மேலே ஐயா எழுதிய தாடை நோயை நாங்கள் அறியவில்லை. ஆனால் திண்ணைக் கணக்கை நன்றாக அறிவோம்.

அதனால்தான் லண்டன் கதையைப் படித்தபோது என் கண் முதலில் தேடியது வீட்டில் ஒட்டியவர்களைத்தான். அங்கேயும் அவர்கள் இருந்தார்கள். கிழக்கு லண்டன் வீடுகளில் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டிய பெட்டிக்கு, 144 பெட்டி கொண்ட ஒரு குரோசுக்கு, இரண்டேகால் பென்னி அளவில் கிடைத்தது. பசையும் கட்டும் நூலும் அவர்கள் செலவுதான். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்க முடியாமல் இருந்தேன். கடல் கடந்து, காலம் கடந்து, பசைச் செலவு யார் தலையில் என்பது மட்டும் மாறவே இல்லை.

1888 ஜூலை உடன்பாட்டில் இந்தப் பெண்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் வெளியேறுவதற்கு ஒரு வாசல்கூட இல்லையே. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குள் தனியாக இருந்தாள். செய்தியாளர் வாசலில் காத்திருந்து பேசுவதற்கு அவர்கள் கூட்டமாக வெளிவரும் நேரம் என்று ஒன்று கிடையாது. பெசண்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தொழிற்சாலை வாசலில் தொடங்கும் விசாரணை அந்த வாசலோடு நின்றுவிடுவது இயல்பு என்பதைச் சொல்ல வந்தேன்.

அவர்களை ஊர் பார்த்தது 1906இல். ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஒரு பொருட்காட்சி நடத்தியது. வீட்டில் வேலை செய்யும் தொழிலாளர்களையே அங்கே அழைத்து வந்து, வருகிறவர்கள் கண்முன் வேலை செய்ய வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் கிடைக்கும் கூலியை அருகில் எழுதி வைத்தார்கள். தீப்பெட்டி ஒட்டுபவர்களும் அதில் இருந்தார்கள். மனிதர்களைக் காட்சிக்கு உட்கார வைத்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது; என் அம்மாவை அப்படி உட்கார வைத்தால் நான் பொறுத்திருக்க மாட்டேன். ஆனாலும் அதன் விளைவை மறுக்க முடியவில்லை. 1909இல் வந்த தொழில் வாரியச் சட்டம், மிகக் குறைந்த கூலி நிலவிய நான்கு தொழில்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழி செய்தது. பெட்டி செய்வது அந்த நான்கில் ஒன்று.

நெடுவழி எழுதியது:

கரிசல்மண் அம்மா அவர்களுக்கு நன்றி. பட்டியலும் ஈவுத்தொகையும் வைத்து எழுதியதுதான் பெசண்டின் வெற்றி என்று நான் வாதிட்டேன். அந்த முறை, ஒரே கூரையின் கீழ் கூலிப் புத்தகம் இருக்கும் இடத்தில்தான் செல்லும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பெரம்பூர்வாசி எழுதியது:

நம் ஊருக்கு இதில் நேரான தொடர்பு ஒன்று உண்டு. என் பெயரைப் பார்த்தே சிலர் ஊகித்திருப்பீர்கள். ‘தி லிங்க்’ 1888 முடிவதற்குள் நின்றுபோனது. பெசண்ட் 1914இல் சென்னையில் ‘நியூ இந்தியா’ நாளிதழைத் தொடங்கினார். அந்த இதழில் அவருக்குத் துணையாக இருந்த பி. பி. வாடியாவிடம்தான், செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கொண்டுபோனார்கள். பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவற்றுள் முதன்மையானது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க. அதன் துணைத் தலைவர்களுள் ஒருவர். அவரும் அப்போது ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர்.

இங்கேயும் வரிசையைக் கவனியுங்கள். பத்திரிகையாளர் ஆலைக்குப் போகவில்லை. ஆலையின் குறைதான் பத்திரிகை அலுவலகத்தைத் தேடி வந்தது. ஃபிளீட் தெருவுக்கு இருநூறு பெண்கள் நடந்து வந்ததும் அப்படித்தான்.

பழந்தாள் எழுதியது:

போராட்டம் நடந்தபோது நிறுவனம், தலைவிகள் என்று ஐந்து பெண்களின் பெயரைக் குறித்து வைத்தது: ஆலிஸ் பிரான்சிஸ், கேட் ஸ்லேட்டர், மேரி டிரிஸ்கால், ஜேன் வேக்லிங், எலைசா மார்ட்டின். இந்த இழையைத் தொடங்கியபோது நான் அவர்களைக் குறிப்பிடாமல் பெசண்டை மட்டும் குறிப்பிட்டேன். அது பிழை; தலைப்பையும் மாற்றியிருக்கிறேன்.

நிறுவனம் வைத்திருந்த குறிப்பு அது. பெண்களின் பக்கத்தில் எஞ்சியிருப்பது போராட்ட நிதிப் பதிவேடு. உதவித்தொகை வாங்கியவர்களின் பெயரும் முகவரியும் தொழிற்சாலையில் அவரவர் செய்த வேலையும் அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அந்த முகவரிகளைப் படித்துச் செல்லும்போது ஒரே தெருப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. அக்காள் தங்கையும் அண்டை வீட்டாரும் ஒரே ஆலையில் வேலை செய்திருக்கிறார்கள். பலர் அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய வீட்டு ஆண்களில் பலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். அடுத்த ஆண்டு, 1889 ஆகஸ்டில், லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அதே தெருக்களின் ஆண்களும் அதில் இருந்தார்கள்.